சுரங்கத்தை மூடலாம் - ஊரை மூடலாமா?

“ஆலை மூடப்பட்டது” - ஏட்டின் மூலையிலே இரண்டே சொற்கள். படிப்பவர் பக்கத்தைப் புரட்டுகிறார். அமைச்சர் வருத்தம் தெரிவிக்கிறார். அதிகாரி கோப்பைக் கட்டி அலமாரியிலே வைக்கிறார். ஆனால், அந்த ஆலையின் சங்கொலி கேட்டு அடுப்பு மூட்டி, அந்தச் சங்கொலி கேட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, அந்தச் சங்கொலி கேட்டு விளக்கேற்றிய ஊர் என்ன ஆயிற்று? கடன் கொடுத்த மளிகைக் கடைக்காரர் என்ன ஆனார்? பாதியிலே படிப்பை விட்ட பெண் என்ன ஆனாள்? கேட்பாரில்லை! ஆலை மூடப்பட்டதுதான் செய்தி. ஊர் மூடப்பட்டது செய்தியல்ல!

ஒரே ஆலையை, ஒரே சுரங்கத்தை, ஒரே தோட்டத்தை நம்பி எழுந்த ஊர், அந்த ஒன்று போனபின் மீள்வது எப்படி? இந்தக் கேள்விக்கு நாட்டிலே மூன்று விடைகள் தயாராக இருக்கின்றன. ‘எல்லாம் விதி’ என்பது முதல் விடை. நெற்றியிலே எழுதியதை யார் அழிப்பார் என்று பெருமூச்செறிவோர் தருவது. ‘எல்லாம் நட்டம்’ என்பது இரண்டாம் விடை. கணக்கேட்டைக் காட்டிக் கதவைச் சாத்துவோர் தருவது. ‘பொறுத்திருங்கள், இன்னொரு பெரிய முதலாளி வருவார்’ என்பது மூன்றாம் விடை. தேர்தல் மேடையிலே வாக்குறுதி வழங்குவோர் தருவது. விதி என்போர் கண்ணை மூடச் சொல்கிறார்கள். நட்டம் என்போர் வாயை மூடச் சொல்கிறார்கள். பொறுத்திரு என்போர் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். மூன்றுமே ஊரை மீட்கா என்கிறோம் நாம். நம் மக்கள் வியர்வையும் குருதியும் சிந்திய ஓர் ஊரையே சாட்சியாக நிறுத்திச் சொல்கிறோம். அந்த ஊர், கோலார் தங்கவயல்.

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். மழை பொய்க்கும் மேட்டு நிலம். அங்கே 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி என்ற வெள்ளைக்கார நிறுவனம் கடைவிரித்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும், சேலத்திலிருந்தும், சித்தூரிலிருந்தும் சாரைசாரையாக மக்கள் சென்றனர். பெரும்பாலோர் ஊருக்கு வெளியே சேரியிலே ஒதுக்கப்பட்டவர்கள். உழுத நிலம் உடைமையாகாதவர்கள். நிமிர்ந்து நடந்தால் நெறித்த புருவத்தைச் சந்தித்தவர்கள். பண்ணையிலே குனிந்து கிடப்பதைவிடப் பாதாளத்திலே இறங்குவது மேல் என்று முடிவு செய்தார்கள். இறங்கினார்கள், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை! உலகின் மிக ஆழமான சுரங்கங்களிலே ஒன்றாகச் சாம்பியன் ரீப் விளங்கியது என்று பெருமையாக எழுதுகிறார்கள். அந்த ஆழத்தை அளந்தது நாடாவல்ல, தோழர்களே, நம்மவர் மூச்சு!

அந்த மூச்சின் விலை என்ன? 120 ஆண்டுகளிலே ஏறத்தாழ 800 டன் தங்கம். அந்தத் தங்கத்தைத் தோண்டும் பொறிகளுக்காகவே, சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பியிழுத்து, 1902-இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூர்த் தெருக்கள் மின்விளக்கைக் கண்டது அதற்குப் பிறகு, 1905-இல்! தங்கவயலின் ஆழத்திலே அமர்ந்துதான் 1965-இல் நம் நாட்டு விஞ்ஞானிகள், ஜப்பானிய, இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வானவெளியின் வழியே பிறந்து மண்ணையும் மலையையும் துளைத்துச் செல்லும் நியூட்ரினோ துகளின் தடயத்தைக் கண்டார்கள். செல்வம் தந்த ஊர். விஞ்ஞானம் வளர்த்த ஊர்.

தந்த ஊர் பெற்றது என்ன? வெள்ளைக்காரத் துரைமார்க்குத் தோட்டம் சூழ்ந்த மாளிகை, ஆடுகளம், மன்றம் - ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர். தொழிலாளிக்கு ஒற்றையறை ‘லைன்’ வீடு. துரை, இங்கிலாந்துக் காற்றைத் தேடினார். தொழிலாளி, பாறைத் தூளைச் சுவாசித்தார். 1940-க்கும் 1946-க்கும் இடையே 7,653 சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 43.7 பேருக்குச் சிலிகோசிஸ் என்னும் நோய். மணல் தூள் படிந்து நுரையீரல் கல்லாகும் கொடுமை. பொன் வெளியே சென்றது. கல் உள்ளே தங்கியது!

இவ்வளவுக்கும் தலைகுனிந்து கிடந்த கூட்டமல்ல அது. குற்றவாளியைப் போலக் கைரேகை வைக்கச் சொன்னபோது, 1930-இல் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலே கிளை கண்டு, சாதியும் சடங்கும் ஏன் என்று கேட்டது. அவர் மறைந்த பின்னர், 1920-களிலே, அப்பாதுரையார் ‘தமிழன்’ ஏட்டுக்கு மீண்டும் உயிர் கொடுத்ததும் அந்தத் தங்கவயலிலேதான். பகல் முழுவதும் பாறை பிளந்தவர்கள், இரவிலே ஏடு பிரித்தார்கள். இதை நினைவிலே இருத்துங்கள், பின்னர் வேண்டும்.

வெள்ளையன் போனான். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசு கைக்கு மாறியது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்று பெயர் பூண்டது. துரை போய் அதிகாரி வந்தார். லைன் வீடு லைன் வீடாகவே இருந்தது. கால் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறங்கிய சுரங்கத்திலே ஆட்கள் குறைந்தார்கள், குறைந்தார்கள், கடைசியில் சில ஆயிரமானார்கள். 2001 பிப்ரவரி இறுதியோடு கதவு சாத்தப்பட்டது. சங்கு நின்றது. ஆசியாவிலே சிறந்தவற்றுள் ஒன்றென்று புகழப்பட்ட மருத்துவமனையும் மூடப்பட்டது. நுரையீரலிலே தூள் படிந்தவர்கள் ஊரிலே இருக்க, மருத்துவர்கள் மட்டும் போய்விட்டார்கள்!

இப்போது முதல் விடைக்காரரை அழைப்போம். ‘காலத்தின் கோலம்! பூமித்தாய் கொடுத்தாள், பூமித்தாய் எடுத்தாள். நாம் என்ன செய்யக்கூடும்? பூசை போடுவோம், பரிகாரம் தேடுவோம்’ என்பார். அவரோடு இன்னொருவரும் வருவார், பட்டணத்து நாகரிகர். ‘விதியெல்லாம் கிடையாது, ஐயா! சோம்பல்தான் காரணம். ஆலை போனால் என்ன, உழைக்க மனமிருந்தால் பிழைக்க வழியில்லையா?’ என்பார். பேசும் மொழி வேறு. செய்யும் வேலை ஒன்று. கடைசியில் குற்றத்தைப் பாட்டாளியின் தலையிலேயே ஏற்றுகிறார்கள். ஒருவர் முற்பிறவியின் பேரால், மற்றவர் மனவுறுதியின் பேரால்!

இருவருக்கும் ஒரே ஊரின் கதை விடை சொல்லும். ஆஸ்திரியா நாட்டிலே, வியன்னா நகருக்குத் தென்கிழக்கே, மரியென்தால் என்றொரு சிற்றூர். பஞ்சாலை ஒன்றே அதன் உயிர். 1929-30-இல் ஆலை மூடப்பட்டது. 478 குடும்பங்கள், நான்கில் மூன்று குடும்பங்கள் வேலையற்றோர் உதவித்தொகையையே நம்பும் நிலை. மரீ யகோடா, பால் லாசார்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் என்ற இளம் ஆராய்ச்சியாளர்கள் தோழர் குழுவோடு அங்கே சென்று ஆராய்ந்தார்கள். 1933-இல் நூலாக வெளியிட்டார்கள். சும்மா வேடிக்கை பார்க்கச் செல்லவில்லை. துணிமணி சேகரித்துக் கொடுத்தார்கள், இலவச மருத்துவம் நடத்தினார்கள், தையல் வகுப்பு வைத்தார்கள்.

அவர்கள் கண்டது என்ன? வேலை போனால் நேரம் நிறைய, படிக்கலாம் அல்லவா? நூல் நிலையத்திலே கட்டணத்தையும் நீக்கிவிட்டார்கள். எனினும் ஈராண்டிலே மக்கள் எடுத்துச் சென்ற நூல்களின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது! நூறு ஆடவரைக் கவனித்தார்கள். 88 பேரிடம் கடிகாரம் இல்லை. நேரத்துக்குப் பொருளில்லாதபோது கடிகாரம் எதற்கு? தெருவிலே நடக்கும் நடையே தளர்ந்துவிட்டது. பெண்களுக்கு மட்டும் ஓய்வில்லை. வீட்டு வேலை வேலையாகவே இருந்தது. ஊரிலே பெரும்பாலோர் கலகம் செய்யவில்லை; கனவு காண்பதையே நிறுத்திவிட்டார்கள்.

பார்த்தீர்களா? சோம்பலால் வேலை போகவில்லை; வேலை போனதால் சோர்வு வந்தது. விதியால் ஊர் வீழவில்லை. வீழ்த்தப்பட்ட பின்னர்தான் விதி என்ற சொல் வாயிலே வந்தது. தங்கவயல் மக்கள் இரவிலே ஏடு பிரித்தவர்கள் என்றோமே, அவர்களா சோம்பேறிகள்? அவர்களா விதியை நம்பிக் கிடந்தவர்கள்?

அந்த ஆஸ்திரிய ஊரின் கதை அத்தோடு முடியவில்லை. மரியென்தால் அடங்கிய கிராமட்நாய்சீடல் என்ற ஊராட்சியிலே, 2020 அக்டோபரில் கீழ் ஆஸ்திரிய வேலைவாய்ப்புத் துறை ஒரு சோதனையைத் தொடங்கியது. நெடுநாள் வேலையற்றிருந்த ஒவ்வொருவருக்கும் உறுதியாக ஒரு வேலை. விருப்பம் இருந்தால் ஏற்கலாம், கட்டாயமில்லை. தச்சு வேலை, தோட்ட வேலை, ஊரைப் பழுதுபார்க்கும் வேலை, அவரவர் ஊருக்குத் தேவையென்று எண்ணிய வேலை. பயிற்சியும் முறையான சம்பளமும் உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பொருளியலார் ஆராய்ந்து சொன்னார்கள்: நெடுநாள் வேலையின்மை அந்த ஊரிலே ஏறத்தாழ ஒழிந்தது, மக்களின் மன நிறைவும் உறவும் உயர்ந்தன. செலவோ, ஒருவரை வேலையின்றி வைத்திருக்க ஆகும் செலவை ஒட்டியே நின்றது. பரிகாரம் செய்யாததைப் பணி செய்தது! வேலையே மருந்து, அதைக் கொடுக்க மனம்தான் வேண்டும்.

இனி, இரண்டாம் விடைக்காரர். கணக்கேட்டோடு வருகிறார். ‘உணர்ச்சி வேண்டாம், எண்ணைப் பாருங்கள். தொடக்கத்திலே ஒரு டன் பாறையிலே 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. கடைசியிலோ 5 கிராமுக்கும் குறைவு. நட்டத்திலே சுரங்கம் நடத்த முடியுமா?’ என்கிறார். கேள்வி நியாயமானது; நேர்மையாகவே விடை சொல்வோம். தங்கம் தீரும். நிலக்கரி தீரும். காலம் மாறினால் துணியாலைப் பொறியும் பழையதாகும். எந்தச் சுரங்கமும் எந்த ஆலையும் என்றென்றும் நடக்க வேண்டும் என்று பகுத்தறிவாளன் வாதிட மாட்டான். ஆனால் ஐயா, கணக்கு என்று வந்துவிட்டால், முழுக் கணக்கையும் பார்ப்போமா?

அரசுடைமையான பிறகு, பல ஆண்டுகள், அந்தச் சுரங்கத்துக்குத் தன் தங்கத்தை நாட்டுச் சந்தையிலே விற்கும் உரிமை இல்லை. சந்தை விலையைவிடக் குறைந்த பன்னாட்டு அதிகார விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும். மகனின் சம்பளத்தைத் தந்தையே வாங்கிக்கொண்டு, ‘இவன் சம்பாதிக்கவில்லை’ என்று ஊராரிடம் சொன்ன கதை! இது வரவுப் பக்கம். செலவுப் பக்கத்திலே விட்டுப்போனவை என்ன? கல்லான நுரையீரல்களுக்கு மருத்துவச் செலவு எந்தப் பத்தியிலே இருக்கிறது? பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடுக் கழிவு, 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கும் மேல்! கோடைக்காற்று வீசினால் அந்தத் தூள் ஊருக்குள் வருகிறது. கண்ணிலே, கஞ்சியிலே, குழந்தையின் மூச்சிலே. அதை அகற்றும் செலவு எந்தப் பக்கத்திலே எழுதப்பட்டிருக்கிறது? எழுதப்படவில்லை. ஏனெனில், ஊர் அந்தச் செலவைத் தன் உடலால் செலுத்துகிறது. இலாபத்தை எடுத்துக்கொண்டு கடனை விட்டுச் செல்பவனுக்கு ஊரிலே வேறு பெயர் உண்டு, கணக்கர் என்பதல்ல!

‘அப்படியெல்லாம் கணக்குப் பார்த்து எந்த நாட்டிலே சுரங்கத்தை மூடினார்கள்?’ என்று கேட்பீர்கள். ஜெர்மனியிலே மூடினார்கள். அங்கே 1957-இல் ஆறு இலட்சம் பேர் நிலக்கரி வெட்டினார்கள்; பெரும்பகுதி ரூர் பள்ளத்தாக்கிலே. வெளிநாட்டுக் கரியும் எண்ணெயும் மலிவாக வந்தன; அங்கும் நட்டம்தான். ஆனால் 2007-இல் மத்திய அரசும், மாநில அரசுகளும், நிறுவனமும், தொழிற்சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, 2018-இல் மூடுவோம் என்று நாள் குறித்தன. பதினோராண்டு முன்னறிவிப்பு! வயதானோர்க்கு முன்கூட்டிய ஓய்வூதியம், இளையோர்க்கு வேறு தொழிலிலே பயிற்சியும் இடமாற்றமும். கட்டாய ஆட்குறைப்பின்றி, 2018 டிசம்பர் 21-இல் கடைசிச் சுரங்கமான புரோஸ்பர் ஹானியல் மூடப்பட்டது. மூடிய சுரங்கத்திலே ஊறும் நீரை என்றென்றும் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும் அல்லவா? அந்த முடிவில்லாச் செலவுக்கென்றே, சுரங்க நிறுவனத்தின் சொத்தைக் கொண்டு 2007-இலேயே ஓர் அறக்கட்டளை நிறுவினார்கள். 2019 முதல் அதுதான் செலவைச் சுமக்கிறது. சுரங்கத்தை மூடினார்கள், ஊரை மூடவில்லை. அங்கே மனிதனும் கணக்கிலே சேர்க்கப்பட்டான், இங்கே சேர்க்கப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே!

மூன்றாம் விடைக்காரர் முகத்திலே இப்போது புன்னகை. ‘நானும் அதைத்தானே சொல்கிறேன்! ஊர் மீள வேண்டும். அதற்குப் பெரிய முதலாளி ஒருவரை அழைத்து வருவோம். நிலம் இலவசம், வரி விலக்கு, மின்சாரம் மலிவு. எல்லாம் கொடுத்தால் வராமலா போவார்?’ என்கிறார். வருவார்; வந்தார்; போனார்! அதே ரூர் பள்ளத்தாக்கிலே போஹும் என்றொரு நகர். நிலக்கரி சரியத் தொடங்கியதும் ஓப்பல் மோட்டார் கம்பெனியை அழைத்தார்கள். பழைய சுரங்க நிலத்தின் மேலேயே 1962-இல் ஆலை எழுந்தது. ஊரே வாழ்த்தியது. 2014 டிசம்பரில் அந்த ஆலையும் மூடப்பட்டது! ஒரு தலைமுறையின் துயரத்தை மறு தலைமுறை மறுபடி கண்டது.

ஆனால் அதே போஹும் நகரிலே, அதே காலத்திலே, இன்னொரு விதையும் ஊன்றப்பட்டது. 1965-இல் ஒரு பல்கலைக்கழகம் திறந்தார்கள். அதுவரை ரூர் தொழிற்பகுதிக்குப் பல்கலைக்கழகமே கிடையாது. கரி வெட்டுகிறவன் மகனுக்குக் கல்லூரி எதற்கு என்ற எண்ணம்! நகரின் கடைசிச் சுரங்கம் 1973-இலே மூடப்பட்டது. அதற்கு எட்டாண்டு முன்பே கல்விக்கூடம் எழுந்துவிட்டது. மோட்டார் முதலாளி போய்விட்டார், பல்கலைக்கழகம் நிற்கிறது. ஓப்பல் விட்டுச்சென்ற நிலத்தையும், ஒரே கைக்கு மீண்டும் கொடுக்காமல், ஆய்வுக்கூடங்களுக்கும் பல நிறுவனங்களுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். பாடம் தெளிவு. ஒரே தூணில் நின்ற வீடு சரிந்தால், இன்னொரு ஒற்றைத் தூணைத் தேடுவது அறிவல்ல. பல தூண்கள் எழுப்புவதே அறிவு. அதையும் கூரை நிற்கும்போதே எழுப்பவேண்டும்.

தங்கவயலிலே அப்படி ஏதும் செய்யவில்லையா? 1964-இல் தொடங்கிய பெமல் என்ற பொதுத்துறை நிறுவனம் அங்கே மண் அள்ளும் இயந்திரங்களைச் செய்யும் ஆலை அமைத்தது. அது இல்லையேல் ஊரின் நிலை இன்னும் கொடிது. எனினும் ஒரு தூண் போதவில்லை. என்ன நடக்கிறது? விடியுமுன் மாரிக்குப்பம் இரயிலடியிலே கூட்டம். ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குச் செல்கிறார்கள். காவலராக, துப்புரவுப் பணியாளராக, கட்டடத் தொழிலாளியாக, தையல் ஆலைப் பெண்ணாக, கணினி நிலைய ஊழியராக. இரவிலே திரும்புகிறார்கள். பிள்ளைகள் தூங்கும்போது போய், பிள்ளைகள் தூங்கியபின் வருகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரம் அது. ‘செத்த ஊர்’ என்று சுற்றுலாக்காரர் எழுதுகிறார்களே, செத்த ஊரா நாள்தோறும் இரயில் ஏறி நூறு கிலோமீட்டர் சென்று உழைத்துத் திரும்பும்? ஊர் சாகவில்லை, ஊரைக் கைவிட்டவர்கள்தான் சாவுச் சான்று எழுதுகிறார்கள்!

வாழ்ந்த வீட்டுக்குப் பட்டா வேண்டும் என்று கேட்டார்கள், ஆண்டுகள் ஓடின. நிலுவை வேண்டும் என்று நீதிமன்றப் படி ஏறினார்கள், வழக்குகள் நீண்டன. ஆனால் ஒன்றிலே மட்டும் அரசுக்கு மறதி வரவில்லை, தங்கத்திலே! சுரங்கம் மூடிய 2001-இல் ஓர் அவுன்ஸ் தங்கம் ஏறத்தாழ 270 டாலர். 2025-இல் அது 4,000 டாலரைத் தாண்டியது. விலை ஏற ஏற, தூசி மேட்டிலும் பொன் தெரிகிறது! அந்தக் கழிவிலே மிஞ்சியிருக்கும் துளித் தங்கத்தைப் பிரித்தெடுக்க, ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த 13 மேடுகளையும் ஏலம் விடும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. நல்லது, எடுக்கட்டும். ஆனால் கேட்கிறோம்: தூள் எவர் நெஞ்சிலே விழுந்தது? பொன் எவர் பெட்டியிலே விழப்போகிறது? நட்டமென்று சொன்னபோது ஊர் பங்காளி. இலாபமென்று தெரிந்தபோது ஊர் அந்நியனா?

ஆகவே நாம் கேட்பது இரக்கமல்ல. இரக்கம் கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது, கடன் அப்படியல்ல. ஓர் ஊரின் உழைப்பை எடுத்தவன் அந்த ஊருக்குக் கடன்பட்டவன், அவன் துரையானாலும், முதலாளியானாலும், அரசேயானாலும். அந்தக் கடனின் பட்டியல் இது. மூடுவதற்குப் பல ஆண்டு முன்பே ஊரறியச் சொல்வது முதற்கடன். குடியிருக்கும் வீட்டையும் மனையையும் குடியிருப்போர் பேருக்கே, பெண்ணின் பெயரும் சேர்த்து, எழுதிக் கொடுப்பது இரண்டாம் கடன். நச்சு மேட்டை அகற்றி, நோயுற்றவர்க்கு வாழ்நாள் மருத்துவம் தரும் நிதியை, ஆலை இலாபத்தில் ஓடும்போதே ஒதுக்குவது மூன்றாம் கடன். கல்லூரி, தொழிற்பயிற்சி, சிறு ஆலைகள், விரைந்த இரயில் எனப் பல தூண் எழுப்புவது நான்காம் கடன். அதுவரை, கேட்டவர்க்கு வேலையை உறுதியாக அளிப்பது ஐந்தாம் கடன். இவற்றை எப்படிச் செய்வதென்று முடிவெடுக்கும் மேசையிலே ஊராருக்கு நாற்காலி கொடுப்பது, எல்லாக் கடனுக்கும் மேலான கடன்!

இது எங்கோ கர்நாடகத்தின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு அளித்தார். 2028-இல் குத்தகை முடியும் என்பது குத்தகை எழுதிய நாளிலேயே தெரியும். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளினார்கள் தொழிலாளர். அவர்களின் கூலிக்காகவும் உரிமைக்காகவும் நெல்லையிலே ஊர்வலம் சென்றபோது, 1999 ஜூலை 23-இல் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியிலே இறங்கிய 17 உயிர்கள் மாண்டன. 2024-இல் அவர்கள் கையிலே விருப்ப ஓய்வுத் தாள் நீட்டப்பட்டது! காடு காக்கப்பட வேண்டும், மறுப்பாரில்லை. புலியும் வாழட்டும். ஆனால் 99 ஆண்டு முன்னரே முடிவுநாள் தெரிந்த ஒரு தோட்டத்திலே, தொழிலாளர் அடுத்து எங்கே வாழ்வார், என்ன செய்து பிழைப்பார் என்பதை மட்டும் கடைசி நாளிலே யோசிப்பானேன்?

சட்டமாவது காக்குமா? 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலே, நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையை, சுரங்கத்தை, தோட்டத்தை மூட அரசின் அனுமதி வேண்டும் என்று பிற்காலத்தே சேர்த்திருந்தார்கள். இழப்பீடு, பணியாண்டு ஒன்றுக்கு 15 நாள் சம்பளம். முப்பது ஆண்டு உழைத்தவனுக்கு 450 நாள் சம்பளம். அந்தச் சிறு வேலியும் போதாதென்றுதான் நாம் சொல்லிவந்தோம். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்போ, நூறு என்பதை முந்நூறு ஆக்கியது! 299 பேர் வேலை செய்யும் ஆலையைச் சாத்த அனுமதி கேட்கவேண்டியதில்லை. சிற்றூரிலே 299 பேர் என்றால் என்ன பொருள்? 299 அடுப்பு. ஊரின் பாதி!

இளைஞர்களே, உங்கள் பகுதியிலே சர்க்கரை ஆலை இருக்கலாம், நூற்பாலை இருக்கலாம், தேயிலைத் தோட்டம் இருக்கலாம். அது மூடப்படும் நாளிலே கொடி பிடிக்க ஓடுவது எளிது. அது ஓடும்போதே கணக்குக் கேளுங்கள். எத்தனை ஆண்டு ஓடும்? மூடினால் ஊருக்கு என்ன ஒதுக்கியிருக்கிறீர்? வீடு யார் பேரில்? கழிவு எங்கே? இந்தக் கேள்விகளைப் படிப்பகத்திலே பேசுங்கள், சங்கக் கூட்டத்திலே எழுப்புங்கள், ஊராட்சித் தீர்மானமாக எழுதுங்கள், வாக்குக் கேட்டு வருபவரிடம் நேருக்கு நேர் கேளுங்கள். மூடிய ஊர் அருகிலே இருந்தால், அங்கே சென்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள்: எவருக்கு நிலுவை, எவருக்கு நோய், எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது. இரவுப் பள்ளி நடத்துங்கள். மூடிய நூல் நிலையத்தைத் திறந்துவையுங்கள். மரியென்தாலிலே முதலில் தளர்ந்தது நடை. அந்த நடை தளருமுன் கைகொடுங்கள்.

‘விதி’ என்பாரிடம், விதித்தவன் யார் என்று கேளுங்கள். ‘நட்டம்’ என்பாரிடம், எவருக்கு என்று கேளுங்கள். ‘முதலாளி வருவார்’ என்பாரிடம், வந்தவர் போனால் என்ன செய்வீர் என்று கேளுங்கள். பாறையைப் பிளந்து பாதாளம் வரை சென்ற கூட்டத்துக்கு, பூட்டிய கதவொன்றைத் திறப்பது அரிய செயலா? சுரங்கத்தை மூடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கலாம். ஊரை மூடும் அதிகாரம் எவருக்கும் இல்லை!